ஷவர் பகுதிக் கல்தளத்தில் காயாத கருந்திட்டுகள்: சீலர் அடித்தால் தீருமா?

மாடிவீடு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் தளத்தில் வசிக்கிறோம். சென்ற ஆண்டு குளியலறையைப் புதுப்பித்தபோது, கண்ணாடித் தடுப்புக்கு உள்ளே ஷவர் விழும் பகுதியின் தரைக்கு மட்டும் காஷ்மீர் ஒயிட் கிரானைட்டை, கால் வழுக்காமல் இருப்பதற்காக ஃப்ளேம்டு (தீச்சுடர் காட்டிச் சொரசொரப்பாக்கிய) முகத்துடன் வாங்கிப் பதித்தோம். சுவர்களில் டைல்ஸ்தான். பதித்த புதிதில் தரை முழுவதும் ஒரே வெண்சாம்பல் நிறமாக இருந்தது. குளித்த சில மணி நேரத்தில் உலர்ந்தும் விடும்.

சில மாதங்களுக்குப் பிறகு தரைநீர் வடியும் வாயான நஹானி ட்ராப்பைச் சுற்றி ஏறத்தாழ ஒரு முழ அகலத்துக்குக் கல் கருக்கத் தொடங்கியது. இப்போது கண்ணாடித் தடுப்பின் அடிக்கட்டையை ஒட்டியும் அதே கருமை ஒரு பட்டையாகப் படர்ந்திருக்கிறது. கோடை விடுமுறையில் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குச் சென்று திரும்பியபோது, அடிக்கட்டையை ஒட்டிய பட்டை பெருமளவு வெளிறியிருந்தது; ட்ராப்பைச் சுற்றிய வளையம் மட்டும் அப்படியே இருந்தது. இவை தவிர, இரண்டு கற்களில் இருக்கும் கருஞ்சிவப்புப் புள்ளிகளைச் சுற்றி மஞ்சள் கலந்த பழுப்பு நிறம் பரவியிருக்கிறது. ஒரு மூலையில் ஜாயின்ட் வழியே வெள்ளைப் பொடி பூக்கிறது. துடைத்தால் போய்விடுகிறது, சில நாட்களில் மீண்டும் வருகிறது.

வேலை செய்து கொடுத்த ஒப்பந்தக்காரர், ஆசிட் ஊற்றிக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, மேலே சீலர் (கல்லில் நீர் ஊறாமல் தடுக்கும் பூச்சு) அடித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். கீழ்வீட்டாரிடமிருந்து இதுவரை எந்தப் புகாரும் வரவில்லை. இது கல்லின் குறையா, பதித்த முறையின் குறையா, அல்லது எங்கேனும் குழாய் கசிகிறதா? ஆசிட்டும் சீலரும் போதும் என்பது சரிதானா? விவரம் அறிந்தவர்கள் வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

சாந்துக்கரண்டி

அம்மா, வணக்கம். கிரானைட், மார்பிள் பதிக்கும் வேலைகளை மேற்பார்வையிடுபவன் என்ற முறையில் எழுதுகிறேன். சீலரை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். ஆசிட்டுக்கு எந்தக் காரணத்தைக் கொண்டும் இசைய வேண்டாம். நீங்கள் சொல்லும் கருமை, மஞ்சள், வெள்ளைப் பொடி ஆகிய மூன்றும் வெவ்வேறு மாற்றங்கள் என்றாலும், மூன்றையும் நடத்துவது கல்லுக்கு அடியில் நிற்கும் நீர்தான். அந்த நீர் அங்கே இருக்கும் வரை மேற்பரப்பில் எதைச் செய்தாலும் நிலைக்காது.

முதலில் கருமை. இது கறையே அன்று. கல்லின் நுண்துளைகளில் காற்று இருக்கும்போது, காற்றுக்கும் கனிமத்துக்கும் உள்ள ஒளிவிலகல் வேறுபாட்டால் ஒளி நன்றாகச் சிதறி, கல் வெளுப்பாகத் தெரிகிறது. அந்தத் துளைகளில் நீர் புகுந்துவிட்டால் வேறுபாடு குறைகிறது (காற்றின் ஒளிவிலகல் எண் 1.00, நீருக்கு 1.33, குவார்ட்ஸுக்கு ஏறத்தாழ 1.54). சிதறல் குறைவதால் ஒளி ஆழமாகச் சென்று உறிஞ்சப்படுகிறது. கல் கருத்துத் தெரிகிறது. ஆகவே அந்த இடத்தில் நீர் நிறைந்திருக்கிறது என்பதற்கு அந்த நிறமே சான்று. நீர் வெளியேறினால் நிறம் தானாகவே திரும்பும். உங்கள் அடிக்கட்டையை ஒட்டிய பட்டை விடுமுறையில் வெளிறியதும் ட்ராப்பைச் சுற்றிய வளையம் வெளிறாததும் மிகவும் பயனுள்ள தகவல்: முதல் இடத்தில் நீர் வந்து போகிறது, இரண்டாவது இடத்தில் வந்த நீர் தங்கிவிடுகிறது.

கல்லின் பங்கும் இதில் உண்டு. காஷ்மீர் ஒயிட் என்று பெயர் இருந்தாலும், அது நம் மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கத்துக் கல். பார்க்க அழகானது, ஆனால் அடர்த்தியான கறுப்பு கிரானைட்டுகளோடு ஒப்பிட்டால் நீரை அதிகம் உறிஞ்சக்கூடியது. ஃப்ளேம்டு முகத்துக்காகத் தீச்சுடர் காட்டும்போது மேற்பரப்பில் நுண்விரிசல்கள் உண்டாவதால் உறிஞ்சும் தன்மை இன்னும் சற்றுக் கூடுகிறது. வெளிர் நிறமாதலால் ஈரம் பளிச்சென்று தெரிகிறது. இதே நிலைமையில் கறுப்புக் கல் இருந்திருந்தால் நீர் அதே அளவு நின்றிருக்கும், உங்கள் கண்ணுக்குத்தான் தெரிந்திருக்காது. அந்த வகையில் இந்தக் கல் உங்களுக்கு முன்கூட்டியே தகவல் சொல்லியிருக்கிறது.

இனி, நீர் எங்கே நிற்கிறது என்பது. நம் ஊரில் பெரும்பாலும் குளியலறைக்குச் சன்கன் ஸ்லாப் (மற்ற அறைகளைவிடத் தாழ்த்திய கான்கிரீட் தளம்) போட்டு, அந்தப் பள்ளத்தைச் செங்கல் ஜல்லியால் நிரப்பி, அதன் மேல் சற்றே ஈரமான சிமெண்ட் மணல் கலவையை விரித்து, சிமெண்ட் பால் ஊற்றிக் கல்லைத் தட்டி அமர்த்துகிறார்கள். அந்தக் கலவை துளைகள் நிறைந்தது. கற்களுக்கு இடையில் உள்ள ஜாயின்ட் சிமெண்டு வழியாகவும், கண்ணாடி அடிக்கட்டைக்கும் தரைக்கும் இடையிலான விளிம்பு வழியாகவும், ஒவ்வொரு குளியலின் போதும் சிறிதளவு நீர் கீழே இறங்குகிறது. கிரவுட் எனப்படும் அந்த ஜாயின்ட் சிமெண்டு நீர்த்தடுப்பு அன்று. நீரைத் தடுக்கும் பொறுப்பு கீழேயுள்ள வாட்டர்ப்ரூஃபிங் பூச்சுக்கு உரியது. இறங்கிய நீர் அந்தப் பூச்சின் மேல் வந்து நிற்கும். அங்கிருந்து ட்ராப்புக்குப் போக வழி இருந்தால் போய்விடும். வழி இல்லையென்றால் செங்கல் ஜல்லியும் கலவையும் அதைக் குடித்துக்கொண்டு, மேலே இருக்கும் கல்லுக்கு ஓதத்தை ஏற்றிக்கொண்டே இருக்கும்.

சில சோதனைகளை நீங்களே செய்து பார்க்கலாம். இயன்றால் அந்த ஷவரைச் சில வாரங்களுக்குப் பயன்படுத்தாமல் விட்டு, மின்விசிறியை அந்தப் பகுதிக்குத் திருப்பி ஓடவிடுங்கள். திறந்த சிமெண்ட் கலவைத் தளம் நல்ல காற்றோட்டத்தில் உலர, முதல் 50 மி.மீ. ஆழத்துக்கு மில்லிமீட்டருக்கு ஒரு நாள் என்பது கட்டுமானத்தில் வழங்கும் பொதுக் கணக்கு. மேலே கல் மூடியிருந்தால் அதைவிட மிகவும் அதிகமாகும் என்பதால் பொறுமை வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இந்தச் சோதனையைச் செய்வதில் பயனில்லை. பிறகு, இரண்டடிக்கு இரண்டடி கெட்டியான பாலித்தீன் தாளை ட்ராப்புக்கு அருகில் ஒன்றும் ட்ராப்பிலிருந்து தள்ளிச் சுவரோரம் ஒன்றுமாக விரித்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் முழுவதும் விடுங்கள். தாளின் அடியில் நீர்த்துளிகள் கோர்த்தால் ஈரம் கீழிருந்து வருகிறது என்று பொருள். சுத்தியலின் மரக்கைப்பிடியால் ஒவ்வொரு கல்லையும் தட்டிப் பாருங்கள். உள்ளீடற்ற ஒலி வரும் இடங்களில் கல்லுக்குக் கீழே வெற்றிடம் இருக்கிறது, அங்கே நீர் குளம்போல் நிற்கும். கலவையைப் பொட்டுப் பொட்டாக வைத்து ஒட்டிய தளங்களில் இது சாதாரணமாகக் காணக்கூடியது. ஈரப் பகுதிகளில் பதிக்கும் கல்லின் அடிப்பரப்பில் குறைந்தது 95 விழுக்காட்டில் பசை பிடித்திருக்க வேண்டும் என்று அமெரிக்கச் செந்தரம் சொல்வது இதனால்தான்.

வாட்டம்

மேலே நண்பர் எழுதியது அனைத்தும் சரி. சிவில் பொறியாளராக நான் சேர்க்க விரும்புவது ட்ராப்பைப் பற்றி மட்டும்.

ட்ராப்பைச் சுற்றி வளையமாகக் கருமை நிற்பது, நீர் ட்ராப் வரை வந்துவிட்டு உள்ளே இறங்க முடியாமல் நிற்பதன் அடையாளம். நாம் கண்ணால் பார்க்கும் தரையிலிருந்து நீர் ட்ராப்புக்குள் விழுவதற்கு வாட்டம் கொடுக்கிறோம். ஆனால் கல்லுக்குக் கீழே, வாட்டர்ப்ரூஃபிங் மட்டத்திலும் அதே வாட்டம் வேண்டும் என்பதைப் பல இடங்களில் எண்ணிப் பார்ப்பதில்லை. பூச்சு சமதளமாக இருந்தாலோ, ட்ராப்பின் கழுத்து அந்தப் பூச்சின் மட்டத்துக்கு மேலே எழும்பி நின்றாலோ, ட்ராப்பைச் சுற்றிச் சிமெண்டைக் கெட்டியாக அடைத்துவிட்டாலோ, அடியில் வந்த நீர் அந்தக் கழுத்தைத் தாண்ட முடியாமல் அங்கேயே தேங்கும்.

அமெரிக்காவில் கல் ஷவர் தளங்களுக்கு வடிகாலின் பக்கத்தில் சிறு துளைகள் உள்ள இரட்டை அமைப்பைப் பயன்படுத்துகிறார்கள். மேல்நீர் சல்லடை வழியாகவும், அடிநீர் அந்தப் பக்கத் துளைகள் வழியாகவும் ஒரே குழாய்க்குள் இறங்கும். கலவை அந்தத் துளைகளை அடைக்காதிருக்கச் சுற்றிலும் சிறு சரளைக் கற்களை இட்டுவிட்டுத்தான் மேலே கலவை போடுவார்கள். வாட்டர்ப்ரூஃபிங் விரிப்புக்குக் கீழேயும் அடிக்குக் கால் அங்குலம், அதாவது ஏறத்தாழ 2 விழுக்காடு வாட்டம் கொடுப்பது அங்கே விதி. அங்கும் இந்தத் துளைகள் அடைபட்டுத்தான் பெரும்பாலான கருவளையங்கள் வருகின்றன. நம்மூரில் அதற்கு ஈடான நல்ல வழக்கம் ஒன்று உண்டு: சன்கன் ஸ்லாப்பின் அடிமட்டத்தில் ஒரு சிறு பிவிசி குழாயை வைத்து, உள்ளே தேங்கும் நீரை வெளிப்புறத் தண்டுக்குழாய்ப் பகுதிக்கு வடியவிடுவது. உங்கள் கட்டடத்தில் அந்தக் குழாய் இருக்கிறதா, இருந்தால் அதன் வாய் திறந்திருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். புதுப்பிக்கும்போது சில வேளைகளில் அதை வேண்டாத குழாய் என்று நினைத்து அடைத்துவிடுகிறார்கள்.

கசிவா, தேக்கமா என்று அறிய நீர் தேக்கிப் பார்க்கலாம். ஆனால் கீழ்வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும். ட்ராப்பின் வாயைத் துணியும் மணல் பையும் கொண்டு அடைத்து, ஷவர் பகுதியில் ஓர் அங்குல உயரத்துக்கு நீர் விடுங்கள். சதுர மீட்டருக்கு 25 லிட்டர்தான் ஆகும், தளத்துக்குச் சுமையில்லை. அதன் அருகிலேயே ஒரு வாளியில் நீர் வைத்து இரண்டின் மட்டத்தையும் பென்சிலால் குறித்து வையுங்கள். ஒரு நாள் கழித்து, வாளியில் குறைந்ததைவிடத் தரையில் அதிகம் குறைந்திருந்தால் அது ஆவியானதன்று, கீழே இறங்கியது. அதன்பின் ட்ராப்பைத் திறந்து நீரை வேகமாக வடியவிட்டுக் கீழ்வீட்டுக் கூரையைக் கவனியுங்கள். தேக்கியபோது வராத ஈரம் வடியவிடும்போது வந்தால் குறை ட்ராப்புக்கும் குழாய்க்கும் இடையிலான இணைப்பில் இருக்கிறது. யாரும் குளிக்காத நாட்களிலும் ஈரம் கூடிக்கொண்டே போனால், சுவருக்குள் செல்லும் கான்சீல்டு பைப்பை ஒரு பிளம்பரைக் கொண்டு அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள்.

மாடிவீடு

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஷவரை நிறுத்தி வைத்துச் சொன்ன சோதனைகளைச் செய்து பார்த்துவிட்டேன்.

பாலித்தீன் தாளில் ட்ராப்புக்கு அருகே துளிகள் தாராளமாகக் கோர்த்தன; சுவரோரத் தாள் உலர்ந்தே இருந்தது. தட்டிப் பார்த்ததில் ட்ராப்பை ஒட்டிய கற்களும் அடிக்கட்டையை ஒட்டிய ஒரு கல்லும் உள்ளீடற்ற ஒலி தருகின்றன. நீர் தேக்கியபோது தரையில் வாளியைவிடத் தெளிவாகவே அதிகம் குறைந்தது. கீழ்வீட்டுக் கூரையில் சொட்டு எதுவும் விழவில்லை, வடியவிட்டபோதும் இல்லை. ஆனால் ட்ராப் குழாய் இறங்கும் இடத்தைச் சுற்றி மங்கலான மஞ்சள் வளையம் ஒன்று இருப்பதைக் கீழ்வீட்டு அம்மாவே காட்டினார். குழாய் அழுத்தச் சோதனையில் குறை எதுவும் இல்லை. வெளிப்புறத்தில் வடிகுழாய் எதுவும் கண்ணில் படவில்லை.

மஞ்சள் நிறத்தைப் பற்றியும் யாராவது விளக்கினால் நன்றாக இருக்கும். எபாக்ஸி கிரவுட் (நீர் புகாத பிசின் வகை ஜாயின்ட் கலவை) போட்டு மேல்நீரை அடியோடு நிறுத்திவிட்டால், உள்ளே இருக்கும் நீர் காலப்போக்கில் காய்ந்துவிடும் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. அது சரியா?

கனிமக்கண்

நிலவியல் படித்தவன், மஞ்சள் நிறத்தைப் பற்றி எழுதுகிறேன். காஷ்மீர் ஒயிட்டில் காணும் கருஞ்சிவப்புப் புள்ளிகள் கார்னெட் என்னும் கனிமம். அதிலும் அதை அடுத்திருக்கும் பயோடைட் என்னும் கரிய மைக்காவிலும் இரும்பு உண்டு. கல் உலர்ந்திருக்கும் வரை அந்த இரும்பு அமைதியாக இருக்கும். நீரும் ஆக்சிஜனும் இடைவிடாமல் கிடைத்தால் அது மெல்ல ஆக்சிஜனேற்றம் அடைந்து, துருவின் நிறத்தைச் சுற்றிலும் பரப்பும். வெள்ளை மார்பிளிலும் இதுவே நடக்கிறது. அங்கே பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அளவில் கலந்திருக்கும் பைரைட் என்னும் இரும்பு சல்ஃபைடு துருப்பிடித்து, வெண்மையான தரை ஓரிரு ஆண்டுகளில் தேன் நிறமாக மாறிவிடுகிறது. கருமையைப் போல இந்த நிறம் உலர்ந்தால் மறையாது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அதனால்தான் தாமதம் கூடாது.

ஆசிட் ஏன் கூடாது என்பதும் இங்கேதான் விளங்கும். கடைகளில் கழிப்பறை கழுவ விற்கும் ஆசிட் ஹைட்ரோகுளோரிக் அமிலம். மார்பிளில் பட்டால் கால்சைட்டைக் கரைத்துப் பளபளப்பை அழித்துவிடும் என்பது பலருக்கும் தெரியும். கிரானைட்டுக்கு ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கைதான் தவறு. அந்த அமிலம் பயோடைட் போன்ற கனிமங்களிலிருந்து இரும்பைக் கரைத்து வெளியே கொண்டுவரும். கழுவிய அன்று கல் பளிச்சென்று இருக்கும், சில வாரங்களில் முன்பைவிட அதிகமாக மஞ்சளிக்கும். அது மட்டுமன்று, ஜாயின்ட் சிமெண்டையும் அரித்து நீர் இறங்கும் வழியை அகலமாக்கும். மிஞ்சும் குளோரைடு கீழேயுள்ள ஸ்லாப்பின் கம்பிகளை அரிக்கும். சில துரு நீக்கிகளில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கலந்திருக்கும். அது கிரானைட்டின் குவார்ட்ஸையும் ஃபெல்ட்ஸ்பாரையுமே கரைக்கக்கூடியது, மனிதருக்கும் கொடிய தீங்கு தருவது. வீட்டுக்குள் அதற்கு இடமே கொடுக்காதீர்கள். அடியீரம் முழுவதும் நீங்கிய பிறகு, கல்லுக்கென்று விற்கும் அமிலமற்ற துரு நீக்கியைப் பற்றாகக் குழைத்துப் போட்டு மூடி வைத்தால் நிறம் ஓரளவு குறையும். ஈரம் இருக்கும்போது பற்றுப் போட்டால், எடுத்த துருவைக் கல் மீண்டும் உண்டாக்கிக்கொண்டே இருக்கும்.

வெள்ளைப் பொடி மிக எளிய விஷயம். கலவையில் உள்ள கால்சியம் ஹைட்ராக்சைடு நீரில் கரைந்து மேலே வந்து, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடுடன் சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. உங்கள் தண்ணீர் போர்வெல் நீராக இருந்தால் அதன் உப்பும் சேர்ந்து பூக்கும். உலர்ந்த தூரிகையால் தேய்த்து எடுத்துவிடலாம்; அது ஜாயின்ட் வழியே வருவது, நீர் அந்த வழியாகத்தான் மேலேறி ஆவியாகிறது என்று காட்டுகிறது.

எபாக்ஸி கிரவுட் யோசனைக்கு விடையும் அந்தப் பொடியிலேயே இருக்கிறது. ஜாயின்ட்தான் இப்போது உள்நீர் ஆவியாக வெளியேறும் வழி. அதை எபாக்ஸியால் அடைத்தால் உள்ளே இருக்கும் நீருக்குக் கல்லைத் தவிர வேறு வழி இருக்காது. கருமை ட்ராப்பிலிருந்து மற்ற கற்களுக்கும் பரவலாம். கண்ணாடி விளிம்பிலோ சுவர் மூலையிலோ ஒரு மயிரிழை திறந்திருந்தாலும் நீர் இறங்குவது தொடரும். படலமாகப் படியும் சீலர்களும் அப்படித்தான். அடியிலிருந்து வரும் ஆவி அவற்றைக் கொப்பளித்து உரித்துவிடும். கல்லுக்குள் ஊறும் சிலேன், சிலாக்சேன் வகைச் சீலர்கள் ஆவியை வெளியே விடும் என்பதால் உலர்ந்த கல்லுக்கு நல்லவை. எண்ணெயும் சோப்பும் ஊறுவதைக் குறைக்கும். ஆனால் அவை எதுவும் வாட்டர்ப்ரூஃபிங்குக்கு மாற்று அல்ல.

கீழ்த்தளம்

நான் இப்படிப்பட்ட ஒரு குளியலறைக்குக் கீழே வசிப்பவன் என்பதால் ஒரு வார்த்தை. மங்கலான மஞ்சள் வளையம் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் தொடங்கியது. பெயின்ட் உரிந்து, பூச்சு உப்பி, கடைசியில் துருப்பிடித்த கம்பி தெரியும் நிலைக்கு வந்த பிறகுதான் மேல்வீட்டார் தரையைத் திறக்க ஒப்புக்கொண்டார்கள். சொட்டு விழாததால் கசிவு இல்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள். கீழ்வீட்டு அம்மாவையும் சோதனையில் சேர்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்த அக்கறை பெரிது. எங்களுக்கு அது கிடைத்திருந்தால் பாதிச் செலவு மிஞ்சியிருக்கும்.

வாட்டம்

உங்கள் சோதனை முடிவுகளைப் பார்த்த பிறகு, திறந்துதான் ஆக வேண்டும் என்பதே என் கருத்து. கீழ்க்கூரையில் வளையம் இல்லாமல் கருமை மட்டும் இருந்திருந்தால், ஷவருக்கு எக்ஸாஸ்ட் மின்விசிறி வைத்து, குளித்ததும் தரையை வைப்பரால் தள்ளி, சிறிது காலம் பொறுத்துப் பாருங்கள் என்று சொல்லியிருப்பேன். இங்கே பூச்சையும் தாண்டி நீர் ஸ்லாப்பைத் தொட்டுவிட்டது.

ட்ராப்பைச் சுற்றி மட்டும் உடைத்து ஒட்டுப்போடலாம் என்று சொல்வார்கள். பழைய பூச்சும் புதிய பூச்சும் சேரும் இடம்தான் அடுத்த கசிவுக்கு வாசலாகும். தவிர, நனைந்த செங்கல் ஜல்லி உள்ளேயே கிடக்கும். ஷவர் பகுதி முழுவதையும் ஸ்லாப் வரை திறந்து, நனைந்த நிரப்பை எடுத்துவிட்டு, ஸ்லாப்பை நன்றாக உலரவிடுங்கள். வாட்டர்ப்ரூஃபிங் பூசுவதற்கு முன்பே ட்ராப்பை நோக்கி வாட்டம் பிடியுங்கள். 1:100 என்று கொத்தனார் சொன்னால் ஏற்காமல், இந்தச் சிறிய இடத்துக்கு 1:50 கேளுங்கள். பூச்சைச் சுவரில் குறைந்தது ஓர் அடி உயரத்துக்கும், கண்ணாடி அடிக்கட்டையின் மேலேறி மறுபக்கம் இறங்கும்படியும் கொண்டுபோக வேண்டும். ட்ராப்பின் கழுத்தில் பூச்சின் மட்டத்தில் துளைகள் இட்டு, சுற்றிலும் சிறு சரளையைப் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடியை நிறுத்தும் ஸ்க்ரூக்கள் அடிக்கட்டையின் பூச்சைத் துளைக்கக் கூடாது. உங்கள் கருப்பட்டை அங்கே வந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

நிரப்புவதற்கு முன் 72 மணி நேரம் நீர் தேக்கிக் கீழ்க்கூரையைப் பாருங்கள். ஒப்பந்தக்காரருக்குத் தரும் தொகையில் ஒரு பகுதியை இந்தச் சோதனை முடியும் வரை நிறுத்தி வைப்பதாக முதலிலேயே எழுத்தில் ஒப்புக்கொள்ளச் சொல்வது நல்லது.

மாடிவீடு

தெளிவாகிவிட்டது, ஐயா. அடுத்த மாதம் வேலையைத் தொடங்குகிறோம். கடைசியாக ஒன்று: எடுக்கும் கற்களை மீண்டும் பயன்படுத்தலாமா?

சாந்துக்கரண்டி

கலவையில் பதிந்த கல் உடையாமல் வருவது அரிது, அம்மா. முழுதாக வரும் கற்களின் அடியில் ஒட்டிய கலவையை நீக்கி, நிழலில் பல வாரங்கள் சாய்த்து வைத்து உலர்த்துங்கள். மஞ்சளித்த கற்களை பால்கனி, ஜன்னல் திண்டு போன்ற உலர்ந்த இடங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். ஷவருக்குள் மீண்டும் பதிக்க வேண்டாம். புதிதாக இதே கல்லையே எடுப்பதானால், கடையில் ஒரு துண்டு கேட்டு வாங்கி, பாதியை நீரில் அமிழ்த்தி ஒரு நாள் வைத்து, எடுத்த பின் எவ்வளவு நேரத்தில் பழைய நிறத்துக்கு வருகிறது என்று பாருங்கள். ஒரே பெயரில் விற்கும் கல்லிலும் குவாரிக்குக் குவாரி உறிஞ்சும் அளவு மாறும். பதிக்கும்போது பொட்டு வைக்காமல், அடிப்பரப்பு முழுவதும் வெள்ளைப் பாலிமர் பசையைப் பல்கரண்டியால் இழுத்துப் பதிக்கச் சொல்லி, முதலில் வைக்கும் கல்லை உடனே ஒருமுறை தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். பசை எங்கெல்லாம் பிடித்திருக்கிறது என்பது அப்போதே தெரிந்துவிடும்.